கூட வருபவரின் பெயர்

பனிச்சங்கேணி, வாகரை.
12.02.2024

உசாந்தியின் அம்மாவுக்கு,

இந்தக் கையெழுத்தைக் கண்டதும் மடித்து அடுப்புக்குள் வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வாசி. ஆறு வருடமாக ஒரு சொல் பேசாதவன் கடிதம் எழுதுகிறான் என்றால் காரணம் இருக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு சொல்ல வந்தது மறந்துபோகும். வாகரை பஸ் கண்டக்டர் வினோஜனிடம் இதைக் கொடுத்து, செங்கலடிச் சந்தியில் உன் தம்பியின் கடையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்கழியிலிருந்து வயிற்றுக்குள் ஒரு எரிவு. சோறு இறங்குவதில்லை. சாரம் இடுப்பில் நிற்பதில்லை. தை மாதம் இரண்டு நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. என் தங்கச்சி சின்னத்தங்கம் அழுது ஊரைக் கூட்டியதால் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வாயால் கமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தொண்டை மரக்க ஸ்பிரே மட்டும் அடித்து விட்டுப் பார்த்தார்கள். குழாய் தொண்டையைத் தாண்ட முதல் எனக்குக் கண் இருண்டுவிட்டது. மூச்சு அடைக்கிறது என்று நினைத்துக் குழாயைக் கையால் பிடித்து இழுத்துவிட்டேன். காலால் உதைத்ததில் பக்கத்தில் நின்ற தாதி ஹஸீனா மிஸ்ஸியின் மூக்குக்கண்ணாடி நிலத்தில் விழுந்தது. அந்தப் பிள்ளை குனிந்து எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டது. நாற்பது வருடம் ஆற்றில் நண்டு வலை போட்டவன் ஒரு ரப்பர் குழாய்க்குப் பயந்து கத்தினேன். உனக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன்.

இனி ஊசி போட்டு மயக்கித்தான் பார்ப்பார்களாம். அதற்கு ஒரு படிவம், படிவம் நிறையக் கேள்வி. "நித்திரையில குறட்டை விடுவீங்களா ஐயா? இடையில மூச்சு நிண்டு நிண்டு வருமா?" என்று மிஸ்ஸி கேட்டார். நித்திரை கொள்கிறவனுக்கு அது எப்படித் தெரியும். "பக்கத்தில படுக்கிற ஆளிட்டக் கேட்டு வந்து சொல்லுங்க" என்றார். பக்கத்தில் படுக்கிறது தங்கச்சியின் நாய் என்றேன். மிஸ்ஸி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிவத்தின் கடைசியில் 'கூட வருபவரின் பெயர்' என்று ஒரு வரி கிடக்கிறது. ஊசி போட்டால் வளர்ந்த ஆள் ஒருவர் கூட வந்து கூட்டிப்போக வேண்டும். ஆள் இல்லை என்றால் ஊசியும் இல்லை. சின்னத்தங்கத்தால் முழங்கால் வலியோடு பஸ் ஏற முடியாது. உசாந்திக்கு வயிற்றில் பிள்ளை ஆறு மாதம், அவளுக்கு இது தெரியவே கூடாது.

மூச்சு நிற்குமா என்று மட்டும் எழுதி அனுப்பு. வருவதும் வராததும் உன் விருப்பம். 28ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஏழு மணி.

கதிர்காமத்தம்பி


செங்கலடி.
15.02.2024

உசாந்தியின் அப்பாவுக்கு,

அடுப்புக்குள் வைக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன். தார் மாதிரி என்று எழுதிய இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போனேன். தை மாதம் நடந்ததை மாசி மாதம் எழுதுகிறீர்களே, இதற்கு என்ன சொல்வது.

கேட்டதற்குப் பதில்: ஓம், மூச்சு நிற்கும். கலியாணம் முடிந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று ஒரு சத்தமும் இருக்காது. நான் எண்ணத் தொடங்குவேன். இருபது வரைக்கும் எண்ணியிருக்கிறேன். அதற்கு மேல் பொறுக்காமல் உங்கள் காலில் ஓர் உதை விடுவேன். பெரிய மூச்சு ஒன்று வரும். "என்னத்துக்குகா உதைக்கிற?" என்று பேசிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. இருபத்தெட்டு வருடம் உதைத்திருக்கிறேன். இந்த ஆறு வருடமும் ஆர் உதைக்கிறது என்று யோசித்து யோசித்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். இதை எழுதுவதில்லை என்றுதான் பேனையை எடுத்தேன்.

இருபது என்ற கணக்கை மிஸ்ஸியிடம் அப்படியே சொல்லுங்கள். இன்னொன்று. குடிக்கிறதைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், நீங்கள் "எப்பவாவது" என்று சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை. பின்னேரம் ஒவ்வொரு நாளும் கால் போத்தல் என்று உண்மையைச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர்களிடம் பொய் சொல்லி அதில் ஒன்று ஆகிவிட்டால், பிறக்கப்போகிற பிள்ளைக்கு அம்மப்பாவைப் படத்தில்தான் காட்ட வேண்டி வரும்.

வருகிறேன். உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம். மகளிடம் மறைத்துப் பழி ஏற்க என்னால் முடியாது, அதனால் வருகிறேன்.

வசந்தாதேவி


பனிச்சங்கேணி.
19.02.2024

உசாந்தியின் அம்மாவுக்கு,

நீ சொன்ன இரண்டையும் சொன்னேன். கால் போத்தலைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். மிஸ்ஸி பேனையை வைத்துவிட்டு உள்ளே போய் டொக்டரைக் கூட்டி வந்தார். அதுவரைக்கும் சும்மா ஓர் ஊசி என்றிருந்தது, பிறகு பெரிய ஆலோசனையாகிவிட்டது.

அவர்கள் சொன்னதை எனக்கு விளங்கின மட்டில் எழுதுகிறேன். மருந்து இரண்டு இருக்கிறதாம். ஒன்று பால் மாதிரி வெள்ளை. புரொபொஃபோல் என்று பெயர். போட்ட உடனே ஆழ்ந்த நித்திரை, நிறுத்தின கொஞ்ச நேரத்தில் தெளிவு. ஆனால் மூச்சையும் அமத்திவிடுமாம், அதைத் திருப்புவதற்கு மாற்று ஊசியும் இல்லையாம். மயக்க மருந்து டொக்டர் பக்கத்தில் நின்றால்தான் போடுவார்கள். அவருக்குக் காத்திருக்கும் வரிசை சித்திரை தாண்டிப் போகிறது. மற்றது தண்ணீர் மாதிரி, மிடாசோலம். அது அரை நித்திரை. திரும்பச் சொன்னால் திரும்புவேனாம், விழுங்கச் சொன்னால் விழுங்குவேனாம், ஆனால் பிறகு ஒன்றும் நினைவில் நிற்காதாம். அது கூடிப்போனால் மாற்று ஊசி உண்டு. மலம் கறுப்பாகப் போனவனைச் சித்திரை வரைக்கும் வைத்திருக்க முடியாது, இருபது எண்ணும் மூச்சுக்குத் தண்ணீர் மருந்தைக் குறைத்துப் போட்டு ஒக்சிசனும் கொடுப்போம் என்று டொக்டர் முடிவு சொன்னார்.

"எழும்பின பிறகு டொக்டர் சொல்றதும் உங்களுக்கு நிக்காது ஐயா. கூட வாறவங்க கேட்டு எழுதி வச்சித் தரட்டும். சில பேருக்குப் பின்னேரம் வரைக்கும் நிக்காது" என்றார் மிஸ்ஸி. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குழாயை விட இது பயம். என் வாய் பேசி, என் கால் நடந்து, எனக்கு ஒன்றும் தெரியாமல் ஒரு பகல் போய்விடும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்ததும் என்னை நேரே வாகரைக்குக் கூட்டி வா. வழியில் செங்கலடி வரும். இறக்காதே. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச வந்திருந்தபோது, நான் குடித்துவிட்டு வந்து வீட்டைப் பற்றி வாய் திறந்தது பிழைதான். அதற்கு நீ அத்தனை பேருக்கும் முன்னால் "இது என்ர வீடு, உங்களுக்கு இதில பேச்சில்ல" என்றாய். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், இது எனக்குத் தெரியாததா. ஆனால் அந்தக் கூரைக்கு ஓடு ஏற்றினது நான். வெறுங்காலோடு இறங்கிப் போய், கண்ணகி அம்மனுக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, அந்த வாசற்படியில் இனி என் கால் படாது, பட்டால் இந்த உயிரை நீ எடு என்று சத்தியம் பண்ணினேன். மகளின் கலியாணம் கோயிலில் நடந்தபடியால் வந்து நின்றேன். இல்லாவிட்டால் அதற்கும் வந்திருக்க மாட்டேன்.

மருந்து என்னை மறக்கச் செய்யும். நீ மறக்கக் கூடாது.

கதிர்காமத்தம்பி


செங்கலடி.
23.02.2024

உசாந்தியின் அப்பாவுக்கு,

மறக்க மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற இஷாம் தம்பியிடம் வாகரை வரைக்கும் பேசியிருக்கிறேன். நல்ல பிள்ளை, மெதுவாக ஓட்டுவார்.

செவ்வாய் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது. விடியத் தேத்தண்ணியும் கூடாது. சின்னத்தங்கம் பாவம் பார்த்து ஒரு வாய் கொடுப்பாள், வாங்கிவிடாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து சுவாசத்துக்குள் போனால் ஆபத்தாம். அந்தப் பாழ்ப்போன போத்தலையும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். கட்டுப் பல் ஏதும் கட்டியிருந்தால் கழற்ற வேண்டுமாம். கட்டியிருக்கிறீர்களா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆறரைக்கே வந்து வாசலில் நிற்பேன்.

வசந்தாதேவி


செங்கலடி.
29.02.2024

உசாந்தியின் அப்பாவுக்கு,

எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன். பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்பதரைக்கு உங்களை உள்ளே எடுத்தார்கள். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. இடையில் ஒருக்கால் உங்களுக்கு மூச்சு நின்றிருக்கிறது. மிஸ்ஸி வெளியே வந்து சொன்னார், "நாடியத் தூக்கிப் பிடிச்சி ஒக்சிசனக் கூட்டினம், உடன வந்திட்டு. நீங்க முன்னயே சொன்னதால நாங்க ஆயத்தமா நிண்டம்." எனக்கு வாங்கில் இருக்க முடியவில்லை, எழும்பி நின்றுகொண்டேன்.

டொக்டர் சொன்னது: இரைப்பையில் ஒரு புண் இருக்கிறது. அதன் ஓரம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஆறு இடத்தில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு நாலு கிழமையில் வரும். இரண்டு வேளையும் குளிசை விழுங்க வேண்டும். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. எட்டுக் கிழமை கழித்து, ஏப்ரல் 24ஆம் திகதி, திரும்பக் கமரா விட்டுப் புண் ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இது எல்லாவற்றையும் உங்களுக்கும் சொன்னார். "சரி சேர்" என்று தலையாட்டினீர்கள். அவர் அங்கால் போனதும் "இன்னும் கமரா விடல்லையா?" என்று என்னிடம் கேட்டீர்கள். நாலு தரம் கேட்டீர்கள்.

பிறகு ஓட்டோவில் கூட்டி வந்து சின்னத்தங்கத்திடம் ஒப்படைத்தேன். வழி முழுக்க நித்திரை. இவ்வளவுதான்.

வசந்தாதேவி


பனிச்சங்கேணி.
04.03.2024

உசாந்தியின் அம்மாவுக்கு,

பிழை சொல்ல ஒன்றும் இல்லை, வந்தாய், நின்றாய், எழுதித் தந்தாய். மூச்சு நின்ற கதையைச் சின்னத்தங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவள் நாயைத் துரத்திவிட்டு எனக்குப் பக்கத்தில் பாய் போடுகிறாள்.

அந்தப் புண்ணின் ஓரம் டொக்டருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீ கேட்டிருக்கலாம். இரவும் பகலும் அதுதான் எனக்கு யோசனை. வலை கிழிந்தால் தெரியும், தைக்கலாம். வயிற்றுக்குள் கிடப்பதை என்ன செய்வது.

ஒன்று விளங்கவில்லை. ஊசி குத்தியது நினைவிருக்கிறது. பிறகு பனிச்சங்கேணிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. வீட்டில் இறங்கிப் பாயில் படுக்கும்போது செருப்பைக் கழற்றினேன். மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தால் அது நான் போட்டுக்கொண்டு போன நீலச் செருப்பு இல்லை. தோல் வார் வைத்த பழைய கறுப்புச் செருப்பு. இடது வாரில் நான் வலை தைக்கிற தங்கூசி நூலால் தைத்த தையல் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் வெறுங்காலோடு இறங்கினபோது உன் வாசலில் விட்டுவிட்டு வந்த சோடி.

வசந்தா, அது என் காலுக்கு எப்படி வந்தது?

கதிர்காமத்தம்பி


செங்கலடி.
08.03.2024

உசாந்தியின் அப்பாவுக்கு,

நேரே வந்து சொல்லத் துணிவில்லை. எழுதுகிறேன்.

செங்கலடிச் சந்தியில் இஷாம் மெதுவாக்கினார். நீங்கள் என் தோளில் சாய்ந்து கிடந்தீர்கள். திடீரென்று நிமிர்ந்து, "இஞ்சால திருப்பு தம்பி, வீட்ட போவம்" என்றீர்கள். இஷாம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நேரே போகச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஆறு வருடம் கழித்து வீட்டுக்குப் போவோம் என்கிற மனிசனுக்கு, இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நீங்களே இறங்கினீர்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் போலக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினீர்கள். செருப்பைக் கழற்றிப் படியேறி, உங்கள் கதிரையில் போய் இருந்து, "உசாந்தி பள்ளிக்கூடத்தால வந்திட்டாளா?" என்று கேட்டீர்கள். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள், "வசந்தா, இது ஆர்ர வீடு?"

அது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை. வழி தெரியாதவர் கேட்பது மாதிரிக் கேட்டீர்கள். "இது நம்மட வீடு" என்று சொன்னேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை. ஓடு ஏத்தின மனிசனுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றும் சொன்னேன். அழுதேன். "சரி, அழாத. தேத்தண்ணி ஊத்து" என்றீர்கள். ஊற்றி ஆற்றிக் கொண்டு வரும்போது கதிரையிலேயே நித்திரை. இஷாமும் நானும் எழுப்பிக் கூட்டிப் போகையில், வாசலில் உங்கள் கால் தானாகப் பழைய சோடிக்குள் போனது. அதை ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைத்து அதே இடத்தில்தான் வைத்திருந்தேன். கழற்றி மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இதுதான் நடந்தது.

ஆறு வருடம் தொண்டைக்குள் கிடந்ததை, ஒன்றும் நிற்காத காதில் போய்ச் சொல்லியிருக்கிறேன். என்னை விடப் பைத்தியக்காரி இருப்பாளா.

இப்போது எனக்கு வேறு பயம். பட்டால் உயிரை எடு என்று அம்மனிடம் சொன்னீர்களே. அன்றைக்குக் காலையில்தான் அந்த ஆறு துண்டுச் சதையும் போயிருக்கிறது. கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, அவருக்குத் தெரியாது தாயே, தெரிந்துகொண்டு கூட்டி வந்தது நான், பழி எனக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் போகிறேன்.

வசந்தா


பனிச்சங்கேணி.
25.03.2024

உசாந்தியின் அம்மாவுக்கு,

பதினேழு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மருந்து என்னை ஏமாற்றும் என்று தெரிந்துதான் உன்னை நம்பினேன். நீயும் மருந்தோடு சேர்ந்துகொண்டாய்.

வெள்ளிக்கிழமை போய்ப் பரிசோதனை முடிவை எடுத்தேன். புற்று என்று சொல்லவும் முடியாதாம், இல்லை என்று சொல்லவும் முடியாதாம். சில கலங்கள் மாறியிருக்கின்றன, புண்ணின் வீக்கத்தாலும் அப்படி வரலாம், 24ஆம் திகதி திரும்பச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டொக்டர். அம்மன் கணக்கைத் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இந்த முறை எனக்கு ஊசி வேண்டாம், ஸ்பிரே மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். மிஸ்ஸி தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஸ்பிரே என்றால் கூட ஆள் வேண்டாம். நானே போவேன், நானே வருவேன். நீ வரத் தேவையில்லை.

கதிர்காமத்தம்பி


செங்கலடி.
11.04.2024

உசாந்தியின் அப்பாவுக்கு,

இதற்கு முன்னம் எழுதின இரண்டுக்கும் பதில் இல்லை. வினோஜன் தம்பி "மாமா வாங்கிச் சட்டைப் பைக்குள்ள வச்சாரு, வாசிச்சாரோ தெரியா" என்கிறார். இதையாவது வாசியுங்கள்.

நேற்று ஹஸீனா மிஸ்ஸியைத் தேடிப் போனேன். ஸ்பிரேயில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், மூச்சுக்கும் அதுதான் பயம் குறைந்ததாம். ஆனால் முதல் தரம் உதைத்தவர், திரும்ப உதைத்தால் சதை எடுக்க முடியாமல் போகும் என்றார். எனக்கு அதுதான் நெஞ்சுக்குள் கிடந்து குத்துகிறது. சதை எடுக்காவிட்டால் முடிவு எப்படித் தெரியும். வெள்ளை மருந்துக்கு மே மாதம் 8ஆம் திகதி ஓர் இடம் இருக்கிறதாம். மயக்க மருந்து டொக்டரே நிற்பார், மூச்சை அவர் பார்த்துக்கொள்வார். முடிந்து கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிடும், இடையில் தொலைகிற நேரம் குறைவு. இரண்டு கிழமை பிந்தினால் பரவாயில்லை என்று டொக்டரும் சொல்லியிருக்கிறார். அதை எடுங்கள்.

என் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்றுதான் ஸ்பிரேயைக் கேட்டீர்கள் என்றால், அது தேவையில்லை. வினோஜனிடம் பேசிவிட்டேன், அன்றைக்கு லீவு போட்டு அவரே கூட வருவார். அவர் பெயரை அந்த வரியில் எழுதுங்கள். நான் ஆஸ்பத்திரிக் கேற்றடியில்கூட நிற்க மாட்டேன். இருபது என்ற கணக்கை மட்டும் புது டொக்டரிடமும் சொல்லுங்கள்.

வருடப்பிறப்புக் கழிய உசாந்தியைப் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே கூட்டி வருகிறேன். மருமகன் சுபாகரன் பாசிக்குடா ஹோட்டலில் லீவு கேட்டிருக்கிறார். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா பிள்ளையப் பாக்க எங்க நிண்டு பாப்பாரு, கேற்றுக்கு அங்கால நிண்டா?" என்று கேட்டாள்.

வசந்தா


பனிச்சங்கேணி.
20.04.2024

வசந்தாவுக்கு,

உன் கடிதம் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றையும் வாசிக்காமல் விடவில்லை. செருப்பைப் பற்றி எழுதினதை எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

மே மாதம் 8ஆம் திகதி வேண்டாம். புதன்கிழமைதான் போகிறேன், ஸ்பிரேயோடுதான் போகிறேன். கோபத்தில் சொல்லவில்லை, பொறுமையாக வாசி. தண்ணீர் மருந்து போட்டால் நடந்தது எனக்கு நிற்காது. வெள்ளை மருந்து போட்டால் கொஞ்ச நேரமென்றாலும் நான் அங்கே இல்லை. அன்றைக்கு எனக்கு ஆறு வருடம் கழித்து ஒரு பகல் கிடைத்தது, அது என்னிடம் இல்லை, உன்னிடம் மட்டும் இருக்கிறது. இன்னொரு பகலை அப்படிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

உதைப்பேன் என்று பயப்படாதே. மிஸ்ஸி சொல்லித் தந்தபடி இருபது நாளாகப் பழகுகிறேன். விடியக் காலையில் ஆற்றங்கரையில் இருந்து கரண்டிக் காம்பை நாக்கின் அடியில் வைத்து, கண்ணைத் திறந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விடுகிறேன். முதல் நாள் ஓங்காளித்துக் கண்ணீர் வந்தது. இப்போது இருநூறு வரைக்கும் எண்ணுகிறேன். சின்னத்தங்கம் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அயலுக்குச் சொல்லித் திரிகிறாள். போத்தலைத் தொட்டு ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. பயம் போகவில்லை. அது இருக்கிறது, அதோடுதான் போக வேண்டும்.

சத்தியத்தைப் பற்றியும் யோசித்தேன். நான் அறியாமல் என் கால் படியேறினது என்றால், பழியை நீ எடுத்தாய். அது சரியில்லை. சத்தியம் என்னுடையது, உடைப்பதென்றாலும் நான் தெரிந்துகொண்டுதான் உடைக்க வேண்டும். வைகாசிக் குளுத்திச் சடங்குக்கு அம்மனிடம் போய், அணைத்த கையாலேயே கற்பூரத்தைக் கொளுத்தி நானே சொல்கிறேன். அவள் எடுப்பதென்றால் என்னிடம் எடுக்கட்டும். நீ இனிக் கோயிலுக்குப் போய் அழாதே.

நேற்று மிஸ்ஸி படிவம் நிரப்பினார். ஸ்பிரே என்றபடியால் 'கூட வருபவரின் பெயர்' என்ற வரிக்குக் குறுக்கே கோடு போடப் போனார். "போடாதீங்க மிஸ்ஸி, எழுதுங்க" என்றேன். "தேவையில்லையே ஐயா, நீங்க தெளிவாத்தானே இருப்பீங்க" என்றார். ஓம், அதற்குத்தான் என்று சொல்லி உன் பெயரை எழுதுவித்தேன். முகவரிக்குச் செங்கலடி வீட்டைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அதுதான்.

இஷாமிடம் சொல்லிவை. சந்தியில் நானே திருப்பச் சொல்லுவேன். வாசலில் இறங்கி, அன்றைக்குக் கேட்டதைத் திரும்பக் கேட்பேன். நீ சொன்னதை எழுத்தில் வாசித்துவிட்டேன், காதால் கேட்க வேண்டும். உசாந்தி பார்த்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, அவளுக்கு நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். சதையின் முடிவு எப்படி வருமோ தெரியாது. வரும்போது வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வோம்.

நீலச் செருப்பை எடுத்து உள்ளே வைக்காதே, வாசலிலேயே கிடக்கட்டும். தொண்டை ஒரு மணித்தியாலம் மரத்திருக்குமாம், சூடு தெரியாது. கஞ்சியை ஆற வைத்து வை.

உன்,
கதிர்காமத்தம்பி